குதிரை தானே எடுத்துக்கொண்ட படம்

பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தய ஓவியம் இருக்கிறது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அதன் அச்சுப்படம் சிறுவயதிலேயே பழக்கம். குதிரைகள் முன்னங்கால்களை முன்னாலும் பின்னங்கால்களைப் பின்னாலும் நீட்டிக்கொண்டு பறக்கும். பார்க்க அழகுதான், ஆனால் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை. இது தெரியவந்தது 1878-இல். தெரியவைத்தது ஒரு நூல்.

கலிபோர்னியாவின் முன்னாள் கவர்னர், ரயில்வே முதலாளி லேலண்ட் ஸ்டான்போர்டு. குதிரைப் பைத்தியம். ஓடும் குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையை விட்டு எழும்புமா என்று கண்டறிய மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை அமர்த்தினார்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் குதிரை ஒரு மைலை 100 விநாடியில் கடக்கும் வேகத்தில் ஓடியது. கண் பார்த்து, விரல் அழுத்துவதற்குள் விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். அதற்குள் குதிரை பத்தடி தாண்டியிருக்கும்.

ஆகவே மனிதனை நம்பாமல் குதிரையையே நம்பினார்கள். பாலோ ஆல்டோ பண்ணையில் 27 அங்குலத்துக்கு ஒன்றாக 12 கேமராக்கள். ஓடுபாதையின் குறுக்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு நூல். குதிரை நூலைத் தள்ளியதும் மின்சுற்று இணையும், மின்காந்தம் மூடியை விடுவிக்கும். ஜூன் 19 அன்று சேலி கார்ட்னர் என்ற குதிரை தன் படத்தைத் தானே எடுத்துக்கொண்டது. நான்கு கால்களும் எழும்பத்தான் செய்தன. ஆனால் நீட்டியபடி அல்ல, வயிற்றுக்குக் கீழே மடக்கியபடி!

பாரிஸில் மாரே என்ற உடலியல் அறிஞர் இப்படங்களை 'லா நாதுர்' இதழில் பார்த்து வியந்தார். ஆனால் நூலில் ஒரு குறை உண்டு. குதிரையின் வேகம் மாறினால் படங்களுக்கு இடையிலான நேரமும் மாறும். பறவைக்கு எங்கே நூல் கட்டுவது? மாரே 1882-இல் விநாடிக்கு 12 படம் எடுக்கும் துப்பாக்கி வடிவக் கருவியைச் செய்தார். அதில் நேரத்தைக் கணக்கு வைத்தது பறவை அல்ல, கருவியின் உள்ளே ஓடிய பொறி.

இன்றைய ஆய்வுக்கூட டிஜிட்டல் கேமராவிலும் இந்த இரண்டு வழிகளும் இருக்கின்றன. சொந்தக் கடிகாரப்படி தானாக ஓடலாம். அல்லது வெளியிலிருந்து வரும் சமிக்ஞைக்குக் காத்திருக்கலாம். இதை ட்ரிகர் என்கிறார்கள். ஒரு கம்பியில் மின்னழுத்தம் பூஜ்யத்திலிருந்து, பெரும்பாலும் 5 வோல்ட்டுக்கு ஏறும். அந்தக் கணத்தில் கேமரா ஒளியை வாங்கத் தொடங்கும். அதே சமிக்ஞையை லேசர் விளக்குக்கும் இன்னும் நான்கு கேமராக்களுக்கும் கொடுத்தால் எல்லாம் ஒன்றாக இயங்கும். அது இல்லாவிட்டால் நுகத்தடி இல்லாமல் இரண்டு மாடுகளை ஒரு வண்டிக்கு விட்ட கதைதான்.

சமிக்ஞை வந்த பிறகும் கேமரா துளி தாமதிக்கும். அதைப்பற்றி விஞ்ஞானிகள் கவலைப்படுவதில்லை, தாமதம் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருந்தால் போதும். தினமும் பத்து நிமிடம் பிந்தி வரும் ஊழியரை வைத்துக்கொண்டு அலுவலகத்தை நடத்திவிடலாம். ஒருநாள் ஐந்து, மறுநாள் நாற்பது என்று வருபவரை வைத்துக்கொண்டு முடியாது.

கடைசியாக ஒன்று. 1882-இல் ஸ்டான்போர்டின் ஆதரவில் குதிரைப் புத்தகம் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் ஸ்டில்மன் என்ற மருத்துவர். முகப்பில் மைபிரிட்ஜின் பெயர் இல்லை. அவர் வழக்குப் போட்டும் தோற்றார். அந்த மின்சுற்றை அமைக்க உதவிய ஐசக்ஸ் என்ற ரயில்வே பொறியாளரையோ இன்று அநேகமாக யாரும் நினைப்பதில்லை. கோப்பை எழுதுபவன் ஒருவன், கையெழுத்துப் போடுபவர் வேறொருவர் என்பது எனக்குப் பழகிய உலகம். ஆனாலும் குதிரைக்குக் கிடைத்த பெயர்கூட நூலைக் கட்டியவனுக்குக் கிடைக்கவில்லையே என்று மனம் கேட்கிறது.