லாரி இருக்கையின் காற்றுக்குழாய் இணைப்பு

லாரி இருக்கையின் காற்றுக்குழாய் இணைப்பு என்பது, ஓட்டுநர் இருக்கையைத் தாங்கும் காற்றுப்பைக்கு அழுத்தக் காற்றைக் கொண்டுசேர்க்கும் மெல்லிய குழாயும் அதன் முனைகளில் உள்ள பிட்டிங்குகளும் ஆகும். இருக்கைக்கு வரும் காற்றும் பிரேக்குக்குச் செல்லும் காற்றும் ஒரே கம்ப்ரசரிலிருந்து வருகின்றன. எனவே இதன் வரலாறு பிரேக்கின் வரலாற்றிலிருந்தே தொடங்குகிறது.

ரயிலில் தொடக்கம்

அமெரிக்க ரயில்களில் முற்காலத்தில் பிரேக்காளர்கள் பெட்டிகளின் கூரைமேல் ஓடி, ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த கைச்சக்கரத்தைத் திருகி வண்டியை நிறுத்தினர். தவறி விழுந்து இறந்தவர்கள் பலர். 1869இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். எஞ்சினிலிருந்து வந்த காற்று குழாய் வழியே சென்று பிரேக்கை அழுத்தியது. ஆனால் குழாய் இணைப்பு ஒன்று கழன்றால் காற்று வெளியேறி, பிரேக் முற்றிலும் செயலிழந்தது.

1872இல் அவர் இந்த முறையைத் தலைகீழாக்கினார். ஒவ்வொரு பெட்டியிலும் தனிக் காற்றுத்தொட்டியும் மும்முனை வால்வும் பொருத்தப்பட்டன. குழாயில் அழுத்தம் குறைந்தால், தொட்டியிலுள்ள காற்று பிரேக்கைப் பிடித்தது. குழாய் அறுந்தால் வண்டி நின்றது. அமெரிக்காவில் 1893ஆம் ஆண்டு இயற்றப்பட்ட ரயில் பாதுகாப்புச் சட்டம், எஞ்சினிலிருந்தே வேகத்தைக் கட்டுப்படுத்தும் பிரேக்கைக் கட்டாயமாக்கியது.

சாலை வண்டிகளில்

1920களில் லாரிகளுக்கும் காற்று பிரேக் வந்தது. ஜெர்மனியில் க்னோர்-பிரெம்ஸே நிறுவனமும், அமெரிக்காவில் 1930இல் உருவான பெண்டிக்ஸ்-வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனமும் இதில் முன்னோடிகள். பின்னர் ஸ்பிரிங் பிரேக் சேர்க்கப்பட்டது. இதில் காற்று ஸ்பிரிங்கை அழுத்திவைக்கும். காற்று போனால் ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைப் பிடிக்கும்.

காற்று இருக்கை

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நெடுந்தூர லாரிகளில் காற்று இருக்கை பரவியது. ஓட்டுநரின் முதுகுத்தண்டைக் காப்பதே இதன் நோக்கம். அமர்ந்திருக்கும் மனித உடல், விநாடிக்கு சுமார் 4 முதல் 8 வரையிலான மேல்கீழ் அதிர்வுகளுக்கு எளிதில் பாதிக்கப்படும். உடல் முழுவதையும் தாக்கும் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலை 1974இல் வெளியானது. 2002இல் ஐரோப்பிய ஒன்றியம் தொழிலாளர் தாங்கும் அதிர்வுக்குச் சட்ட வரம்பு வகுத்தது.

இருக்கைக்கான காற்று வண்டியின் காற்று அமைப்பிலிருந்தே எடுக்கப்படுவதால், வெஸ்டிங்ஹவுஸ் சந்தித்த அதே கேள்வி மீண்டும் எழுந்தது: குழாய் அறுந்தால் பிரேக்கின் காற்று என்ன ஆகும்? இதற்கு விடையாக அமைந்தது அழுத்தப் பாதுகாப்பு வால்வு. அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், இருக்கை போன்ற துணைக் கருவிகளுக்கான வழியை இது அடைத்து, பிரேக்குக்குரிய காற்றைக் காக்கிறது. இந்த வால்வு இல்லாமல் பிரேக் தொட்டியிலிருந்து நேரடியாகக் குழாய் எடுப்பது ஆபத்தானது.

பிட்டிங்குகளும் பழுதுநீக்கமும்

பழைய பித்தளை பிட்டிங்கில் நட்டை முறுக்கும்போது உள்ளிருக்கும் வளையம் குழாயைக் கவ்வும். பின்னர் வந்த அழுத்திச் செருகும் பிட்டிங்கில் பல்வளையம் நைலான் குழாயைப் பிடித்துக்கொள்ள, ரப்பர் வளையம் கசிவைத் தடுக்கிறது. இருக்கை ஓயாமல் ஏறி இறங்குவதால், பிட்டிங்கை ஒட்டிய இடத்தில் குழாய் மடிந்து தேய்கிறது. பெரும்பாலும் கசிவு அங்கேதான் தொடங்குகிறது.

கசிவைக் கண்டறியச் சோப்பு நீர் போதும். கசியும் இடத்தில் குமிழ் வரும். கழற்றும் முன் வண்டி நகராதபடி சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும். காற்று போனதும் இருக்கை திடீரென இறங்கும் என்பதால் அதன் அடியில் கை வைக்கக் கூடாது. செருகும் பிட்டிங்கில் குழாயைச் சற்று உள்ளே தள்ளி, விளிம்பு வளையத்தைச் சமமாக அழுத்தியபடி இழுத்தால் குழாய் வெளிவரும். கீறல் விழுந்த முனையை நேராக வெட்டி நீக்கிவிட்டு, குழாயை அடிவரை செருகி, இழுத்துப் பார்க்க வேண்டும். வெட்டு சாய்வாக இருந்தால் காற்று மீண்டும் கசியும். குழாய் நீளம் போதாவிட்டால் இழுத்துப் பொருத்தாமல் புதுக்குழாய் போடுவதே முறை.

முக்கியத்துவம்

இருக்கையில் கேட்கும் சீறல் ஒலியை வெறும் வசதிக் குறைவாகக் கருதிவிடக் கூடாது. கசிவை ஈடுகட்டக் கம்ப்ரசர் கூடுதலாக உழைக்கிறது. இருக்கையில் காற்று நிற்காதபோது சாலையின் ஒவ்வொரு குலுக்கலும் ஓட்டுநரின் முதுகுக்கே போகிறது. பாதுகாப்பு வால்வும் பழுதாகியிருந்தால், விரல் பருமன்கூட இல்லாத ஒரு குழாய் பிரேக்கின் காற்றையும் குறைத்துவிடும்.