தொடக்க ரேம் வட்டு

தொடக்க ரேம் வட்டு அல்லது இனிட்ஆர்டி என்பது லினக்ஸ் இயங்குதளம் தொடங்கும்போது கணினியின் நினைவகத்தில் தற்காலிகமாக அமைக்கப்படும் சிறிய கோப்பு முறைமை ஆகும். உண்மையான மூலக் கோப்பு முறைமை ஏற்றப்பட்டதும் இவ்வட்டு இறக்கப்பட்டு, அதன் நினைவகம் விடுவிக்கப்பட வேண்டும். சில வேளைகளில் வட்டு பயன்பாட்டில் உள்ளது என்னும் பிழைச்செய்தி தோன்றி, அதனை இறக்க இயலாமற் போவதுண்டு. பின்வரும் விளக்கம் 2001 இல் வெளியான 2.4 வரிசைக் கருனிக்கு உரியது.

தேவை

வன்தட்டைப் படிக்க அதற்குரிய இயக்கி தேவை. அவ்வியக்கியோ வன்தட்டிலேயே இருக்கக்கூடும். இதனைத் தீர்க்க, லிலோ, கிரப் போன்ற தொடக்க நிரல்கள் கருனியுடன் ரேம் வட்டின் படிமத்தையும் நினைவகத்தில் இடுகின்றன. கருனி முதலில் இவ்வட்டை மூலமாகக் கொண்டு இயக்கிகளைப் பெறுகிறது. பின்னர் பிவட்_ரூட் என்னும் கட்டளை வன்தட்டை மூலமாக்கி, பழைய வட்டை இனிட்ஆர்டி என்னும் அடைவுக்கு நகர்த்துகிறது.

காரணங்கள்

ஒரு கோப்பு முறைமையை எவரேனும் பயன்படுத்தும்வரை கருனி அதனை இறக்க மறுக்கும். பொதுவான காரணங்கள் வருமாறு:

* தொடக்கக் கட்டளைகளை இயக்கும் ஷெல் நிரல் பழைய வட்டிலிருந்தே இயங்குதல்.
* உள்ளீடும் வெளியீடும் பழைய வட்டிலுள்ள கன்சோல் கோப்பின் வழியே திறந்திருத்தல்.
* பின்னணி நிரலொன்று பழைய வட்டை நடப்பு அடைவாகக் கொண்டிருத்தல்.
* பிராக் போன்ற வேறொரு கோப்பு முறைமை பழைய வட்டினுள் ஏற்றப்பட்டிருத்தல்.

கண்டறிதல்

ஃபியூசர் கட்டளையை எம் விருப்பத்தேர்வுடன் இயக்கினால், வட்டைப் பிடித்திருக்கும் செயல்முறைகளின் எண்கள் கிடைக்கும். எண்ணுடன் வரும் சி என்னும் எழுத்து நடப்பு அடைவையும், இ இயங்கும் நிரலையும், ஆர் மூல அடைவையும் குறிக்கும். உள்ளே ஏற்றப்பட்ட கோப்பு முறைமைகளை பிராக் அடைவிலுள்ள மவுண்ட்ஸ் கோப்பில் காணலாம்.

தீர்வு

# பின்னணி நிரல்களை நிறுத்துக.
# வட்டினுள் ஏற்றப்பட்டவற்றை, ஏற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் இறக்குக.
# புதிய மூலத்திற்கு மாறி, எக்ஸெக் வழியாக சிஎச்ரூட் கட்டளையை இயக்குக. உள்ளீடு, வெளியீடு, பிழை வெளியீடு மூன்றையும் புதிய கன்சோலுக்குத் திருப்புக. எக்ஸெக் பழைய ஷெல்லின் இடத்தில் புதிய நிரலை அமர்த்துகிறது. அஃதின்றி இயக்கினால் பழைய ஷெல் காத்துக்கொண்டே வட்டைப் பிடித்திருக்கும்.
# யுமவுண்ட் கட்டளையால் வட்டை இறக்குக.
# பிளாக்டெவ் கட்டளையின் ஃபிளஷ்பஃப்ஸ் விருப்பத்தேர்வால் நினைவகத்தை விடுவிக்குக.

இறுதிப் படி இன்றியமையாதது. 2.4 கருனியில் வட்டை இறக்குவதால் மட்டும் நினைவகம் திரும்பக் கிடைப்பதில்லை. 32 மெகாபைட்டு நினைவகமுள்ள கணினியில் 4 மெகாபைட்டு வட்டு எஞ்சி நின்றால், எட்டில் ஒரு பங்கு வீணாகும். யுமவுண்ட் கட்டளையின் எல் விருப்பத்தேர்வு பிழைச்செய்தியைத் தவிர்க்கும். ஆனால் அது வட்டை அடைவு மரத்திலிருந்து நீக்குவதன்றி, பயன்படுத்துவோரை நீக்குவதில்லை. நினைவகம் பிடிபட்டே இருக்கும்.

பிற்கால மாற்றம்

2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் மாற்றுமுறை இடம்பெற்றது. அதன் மூலக் கோப்பு முறைமையை இறக்கவே இயலாது. எனவே சுவிட்ச்_ரூட் கட்டளை அதிலுள்ள கோப்புகளை அழித்து நினைவகத்தை மீட்கிறது. எனினும், அழிக்கப்பட்ட கோப்பை ஒரு நிரல் திறந்து வைத்திருப்பின், அந்நிரல் முடியும்வரை அக்கோப்பின் நினைவகம் விடுபடாது.