நகர்வழிப் பெட்டிப் பதிவு, கச்சிபௌலி

விமானப் பயணிகளின் பெட்டிகளை நகரத்துக்குள்ளேயே வாங்கி விமானத்தில் சேர்க்கும் ஏற்பாடு. ஹைதராபாத்தின் கச்சிபௌலியை ஒட்டிய ராயதுர்கத்திலிருந்து ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்கு 31 கி.மீ. மெட்ரோ தடம் அமைக்க 2022 டிசம்பர் 9 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. மெட்ரோ நிலையத்திலேயே லக்கேஜ் செக்-இன் செய்யும் வசதியும் அத்திட்டத்தில் பேசப்பட்டது. 2023 டிசம்பரில் தெலங்கானாவின் புதிய அரசு அத்தடத்தை நிறுத்தியது; பின்னர் நாகோல், சாந்திராயன்குட்டா வழியைத் தேர்ந்தது.

இந்தியாவில் இத்தகைய பெட்டிப் பதிவுக்கு முன்னோடி, 2011இல் தொடங்கிய டெல்லி விமான நிலைய விரைவுத்தடம். அங்கே நிலையக் கவுண்டரில் பெட்டியை எடைபோட்டுச் சீட்டு ஒட்டுவார்கள். சோதனைக்குப் பின் அது ரயிலின் தனி அறையில் செல்லும். பயணி வெறுங்கையோடு போகலாம்.

கச்சிபௌலியில் இவ்வசதியைத் திட்டமிடுவோர் முடிவு செய்ய வேண்டியவை: பெட்டி வாங்கும் கடைசி நேரம், சோதனைப் பொறுப்பு, ஒப்படைத்த பெட்டியை வழியில் யாரும் தொடாதபடி காக்கும் முறை, விமான நிறுவனங்களின் பங்கேற்பு.