அறுபது ஆண்டுகளும் ஏழு வாக்குகளும்

ஏழே ஏழு வாக்குகள்! ஊர்த் திண்ணையொன்றில் மாலை வேளையில் கூடிப் பேசுவோரை எண்ணினாலும் ஏழுபேர் தேறுவர். அத்தனை சிறிய எண்ணிக்கைதான், இந்தியத் துணைக்கண்டத்தின் வடகிழக்கு மூலையிலே, ஒரு மாநிலத்தின் அறுபதாண்டு வழக்கத்தை அசைத்துக் காட்டியது.

2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 2ஆம் நாள். நாகாலாந்துச் சட்டமன்றத் தேர்தலில் பதிவான வாக்குகள் எண்ணப்பட்டன. மேற்கு அங்காமித் தொகுதியில் சல்ஹௌதுவோனுவோ குரூசே என்னும் பெண்மணி 6,956 வாக்குகள் பெற்றார். அவரை எதிர்த்து நின்ற சுயேச்சை வேட்பாளர் பெற்றவை 6,949. திமாப்பூர்-3 தொகுதியிலே, வழக்கறிஞரும் 'யூத்நெட்' என்னும் இளைஞர் அமைப்பை நிறுவியவருமான ஹெகானி ஜாக்காலு 1,536 வாக்குகள் மிகுதியாகப் பெற்று வென்றார். நாகாலாந்துச் சட்டமன்றத்திற்கு மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதற்பெண்கள் இவ்விருவரே!

நாகாலாந்து தனி மாநிலமானது 1963ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள். முதற் சட்டமன்றத் தேர்தல் 1964இல் நடைபெற்றது. அதிலிருந்து 2018 வரை 13 தேர்தல்கள் நடந்தன. ஆட்சிகள் மாறின; கட்சிகள் தோன்றின, உடைந்தன, கூடின. மாறாதது ஒன்றுதான்: அவைக்குள் ஒரு பெண்ணேனும் நுழையவில்லை! 2018இல் ஐவர் போட்டியிட்டனர், ஐவரும் தோற்றனர். 2023இல் களத்தில் நின்ற 183 வேட்பாளர்களுள் பெண்கள் நால்வரே. அந்நால்வருள் இருவர் வென்றனர்.

ஏன் இப்படி? அம்மண்ணின் பெண்கள் கல்லாதவர்களா? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, அங்கே பெண்களுள் நான்கில் மூவருக்கு மேல் எழுத்தறிவு பெற்றவர்கள். வாக்களிக்க வராதவர்களா? வாக்காளர் பட்டியலில் ஏறத்தாழப் பாதிப்பேர் பெண்கள். வரிசையில் கால்கடுக்க நின்று வாக்களிப்பதில் அவர்கள் ஆடவர்க்குப் பின்தங்கியவர்கள் அல்லர். பொதுவாழ்வுக்கு அஞ்சுபவர்களா? 1984இல் தோன்றிய நாக அன்னையர் சங்கத்தின் வரலாற்றைப் படித்தவர் எவரும் அவ்வாறு சொல்லத் துணியார். ஆயுதம் ஏந்திய குழுக்கள் ஒன்றையொன்று சுட்டு வீழ்த்திய நாட்களிலே, இனியும் குருதி சிந்தாதீர் என்று மன்றாடி, அக்குழுக்களை நேரில் கண்டு பேசியவர்கள் அந்த அன்னையர். துப்பாக்கிக்கு முன்னே நிற்கப் பெண் வேண்டும். சட்டமன்ற இருக்கையிலே அமர மட்டும் பெண் வேண்டா! இது எவ்வகை நீதி?

விடையாக வந்தது ஒரு சொல். அச்சொல் 'வழக்கம்'. ஊர் மன்றத்திலே முடிவெடுப்பவர் ஆடவர். மூதாதையர் நிலம் செல்வது ஆண்வழி. ஆகவே அரசியலும் ஆடவர்க்கே உரியது என்பது அவ்வழக்கத்தின் பொருள்.

பகுத்தறிவாளர் நாம், வழக்கம் என்ற சொல்லைக் கேட்டவுடனே வாளை உருவிக்கொண்டு கிளம்பிவிடுதல் எளிது. ஆனால் நாகர் வரலாற்றை அறியாமல் அவ்வாறு செய்வது அறிவுடைமை ஆகாது. அம்மக்கள் தம் வழக்கத்தைப் பற்றிக்கொண்டு நின்றதற்குக் காரணம் உண்டு. அதனை முதலில் அறிதல் வேண்டும்.

ஆங்கிலேயர் ஆட்சியிலே அசாமின் ஒரு மாவட்டமாக இருந்தன நாக மலைகள். 1929இல் சைமன் குழுவிடம் நாகர் மன்றத்தார் ஒரு விண்ணப்பம் அளித்தனர்: எங்களை எங்கள் போக்கில் விட்டுவிடுக என்பதே அதன் சாரம். விடுதலைக்குப் பின்னர் பீசோவின் தலைமையில் நாக தேசியக் குழு தனிநாட்டுக் கோரிக்கையை எழுப்பியது. 1952ஆம் ஆண்டின் பொதுத் தேர்தலை நாக மலைமக்கள் புறக்கணித்தனர். பிறகு படை வந்தது, ஊர்கள் எரிந்தன. படையினர்க்குத் தனி அதிகாரங்கள் தரும் சட்டம் 1958இல் இயற்றப்பட்டதே அந்த மலைகளின் பொருட்டுத்தான். இந்த இருளுக்கிடையே, இம்கோங்லிபா ஆவோ போன்றோர் தலைமை தாங்கிய நாக மக்கள் மாநாடு பேச்சுவார்த்தையை நாடியது. 1960இல் 16 அம்ச உடன்பாடு ஏற்பட்டது. மறு ஆண்டே இம்கோங்லிபா சுட்டுக் கொல்லப்பட்டார். அத்தகைய விலை கொடுத்துப் பெற்றதுதான் நாகாலாந்து மாநிலமும், அரசியல் சட்டத்தின் 371-அ பிரிவும்.

அப்பிரிவு கூறுவது என்ன? நாகர்களின் சமய, சமூக வழக்கங்கள், மரபுச் சட்டம், அம்மரபின்படி வழங்கும் நீதி, நிலமும் அதன் வளமும் ஆகியவற்றின்மீது நாடாளுமன்றம் இயற்றும் எந்தச் சட்டமும், நாகாலாந்துச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றி ஏற்றாலன்றி அம்மாநிலத்தில் செல்லாது. தில்லியின் கை தம் வீட்டு அடுப்பங்கரைவரை நீளக்கூடாது என்று ஒரு சிறிய இனம் கட்டிக்கொண்ட கோட்டை அது. அதனை எள்ளி நகையாட நமக்கு மனம் வராது, வரவும் கூடாது.

ஆனால், கோட்டை யாருக்காகக் கட்டப்பட்டது? வெளிப்பகையைத் தடுக்கக் கட்டிய மதிலை, வீட்டுப் பெண்ணை அடைத்துவைக்கும் சுவராக மாற்றலாமா? இதுவே நாம் எழுப்பும் கேள்வி. அண்மைக்கால நாகாலாந்து வரலாறு இக்கேள்வியைச் சுற்றியே சுழன்றது.

நகராட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 1992இல் நிறைவேறிய அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் விதித்தது. நாகாலாந்து தன் நகராட்சிச் சட்டத்தில் அதனைச் சேர்த்தது 2006இல். சேர்த்தது ஏட்டில், நாட்டில் அல்ல! எதிர்ப்பு எழுந்தது, தேர்தல் தள்ளிப்போயிற்று, ஆண்டுகள் உருண்டன. நாக அன்னையர் சங்கத்தைச் சேர்ந்த பெண்கள் நீதிமன்றப் படியேறினர். உச்சநீதிமன்றம் வரை சென்றனர்.

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஒதுக்கீட்டுடன் நகராட்சித் தேர்தலை நடத்த அரசு முனைந்தது. பழங்குடி அமைப்புகள் பொங்கி எழுந்தன. வேட்பு மனு கொடுத்தோர் மிரட்டப்பட்டனர். சனவரித் திங்கள் இறுதி நாளன்று திமாப்பூரில் துப்பாக்கிச் சூட்டில் இளைஞர் இருவர் மாண்டனர். இரண்டு நாள் கழித்துக் கோகிமாவில் நகராட்சிக் கட்டடம் தீக்கிரையாயிற்று. தேர்தல் நின்றது. முதலமைச்சர் டி. ஆர். செலியாங் அம்மாதத்திலேயே பதவி விலகினார். மாண்ட இளைஞர்களின் வீட்டிலும் அழுதவர்கள் அன்னையர்தாம் என்பதை நாம் மறந்துவிட இயலாது.

எதிர்த்தோர் கூறியவை இரண்டு. ஒன்று, தில்லியின் விதியை இன்று இங்கே ஏற்றால், நாளை நிலத்தின்மீதும் கை வைப்பார்கள். நகராட்சிச் சட்டத்திலே நிலத்திற்கும் கட்டடத்திற்கும் வரி என்று எழுதியிருக்கிறதே, அதுவே சான்று என்றனர். மற்றொன்று, பெண்ணுக்கு ஆட்சியில் இடம் என்பது எம் முன்னோர் வழக்கத்தில் இல்லை என்றனர்.

முதற்காரணத்தை நாம் மதிக்கிறோம். நிலம் பறிபோகும் என்ற அச்சம், படையையும் நெருப்பையும் கண்ட மக்களுக்கு இயல்பானது. இரண்டாவது காரணத்தைத்தான் எடைபோட்டுப் பார்த்தல் வேண்டும்.

முன்னோர் வழக்கத்தில் பெண்ணின் ஆட்சி இல்லை, சரி. முன்னோர் வழக்கத்தில் சட்டமன்றம் இருந்ததா? கட்சிக்கொடி இருந்ததா? வாக்குப்பதிவு எந்திரம் இருந்ததா? அமைச்சர் பதவியும் அரசுக் காரும் எந்தப் பாட்டன் விட்டுச்சென்ற சொத்து? ஆடவர் அமர்வதற்கு அத்தனை புதுமையும் ஏற்புடையதாயிற்று. பெண் அமர வந்தபோது மட்டும் பழமை விழித்துக்கொண்டது! பகைவர் தலையைக் கொய்து வருதல் வீரம் என்பதும் ஒரு காலத்து வழக்கந்தான். அதனை நாகர் சமுதாயம் கைவிட்டது. கைவிட்டதனால் நாகர்கள் நாகர்களாக இல்லாமல் போய்விட்டனரா? இல்லை, தம் மொழிகளோடும், ஆடையோடும், ஆடல் பாடலோடும், தன்மானத்தோடும் வாழ்கின்றனர். ஒரு வழக்கம் போனால் ஓர் இனம் அழிந்துவிடும் என்பது உண்மையன்று என்பதற்கு அவர்கள் வரலாறே சான்று.

இன்னொன்றும் கூர்ந்து நோக்கத்தக்கது. வெளியே இருந்து வரும் சட்டத்தை ஏற்பதா, தள்ளுவதா என்று முடிவு செய்யும் உரிமையை 371-அ பிரிவு யாரிடம் தந்தது? சட்டமன்றத்திடம். அச்சட்டமன்றத்தில் அமர்ந்திருந்தவர் யார்? அறுபது உறுப்பினர், அறுபதும் ஆடவர்! எது நம் வழக்கம், எது வழக்கமன்று என்று தீர்ப்பளித்த அவையிலே, அவ்வழக்கத்தின் சுமையைத் தாங்கியவள் ஒருத்திகூட இல்லை. வழக்காடுவோரும் தாமே, நடுவரும் தாமே என்றால், தீர்ப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகவேதான் 2023ஆம் ஆண்டின் தேர்தலை நாம் பெரிதாகக் கருதுகிறோம். கட்சிக் கணக்கைப் பார்த்தால் அதில் வியப்பேதும் இல்லை. தேசியவாத சனநாயக முற்போக்குக் கட்சி 25 இடங்களும், அதன் தோழமைக் கட்சியான பாரதீய சனதா 12 இடங்களும் பெற்றன. தேசியவாதக் காங்கிரசுக்கு 7, தேசிய மக்கள் கட்சிக்கு 5, பழம்பெரும் நாக மக்கள் முன்னணிக்கு 2. எஞ்சியவை சிறு கட்சிகளுக்கும் சுயேச்சைகளுக்கும். நெய்பியூ ரியோ ஐந்தாம் முறையாக முதலமைச்சரானார். வென்ற கட்சிகள் எல்லாம் ஆட்சிக்கே ஆதரவு தந்தன. எதிர்க்கட்சி என்று ஒன்று இல்லாத அவையாயிற்று அது. இது மக்களாட்சிக்கு அழகன்று என்பதையும் மறைக்காமல் சொல்லுகிறோம். ஆனால் அந்த ஆரவாரமற்ற முடிவிற்குள்ளேதான் அந்த இரண்டு பெயர்கள் இருந்தன. மார்ச்சு 7ஆம் நாள் குரூசே அமைச்சராகப் பதவியேற்றார். நாகாலாந்தின் முதற்பெண் அமைச்சர் அவரே.

இதுவன்றோ நாகாலாந்து வாக்காளரின் முதல் வியப்பு என்று எண்ணிவிட வேண்டா. 1977லேயே அவர்கள் ரானோ சைசா என்னும் பெண்மணியை மக்களவைக்கு அனுப்பியவர்கள். தில்லிக்குப் பெண் செல்லலாம். கோகிமாவில் அமரலாகாது என்ற விந்தை அதன் பின்னும் 46 ஆண்டுகள் நீடித்தது. அண்டை மாநிலமான அசாமில் 1980இலேயே அன்வரா தைமூர் முதலமைச்சராக வீற்றிருந்தார் என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

தேர்தல் முடிந்த அதே மார்ச்சுத் திங்களிலே, நகராட்சிச் சட்டத்தையே சட்டமன்றம் நீக்கித் தீர்மானித்தது. பழைய பிடி அவ்வளவு எளிதில் தளர்வதில்லை! உச்சநீதிமன்றம் தலையிட்டது. அவ்வாண்டு நவம்பரில் புதிய சட்டம் வந்தது. அதிலே மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீடு இருந்தது. நில வரியும் கட்டட வரியும் இல்லை. தலைவர் பதவியில் பெண்களுக்கு இருந்த ஒதுக்கீடு மட்டும் விடப்பட்டது. அது ஒரு குறையே. 2024 சூன் திங்களில், கிழக்கு மாவட்டங்கள் நீங்கலாக, இருபது ஆண்டுகளுக்குப் பின் நகராட்சித் தேர்தல் நடந்தது. பெண்கள் நகர மன்றங்களில் அமர்ந்தனர். மலை இடிந்து விழவில்லை, நிலம் பறிபோகவில்லை.

நிலத்தைக் காப்பதும் பெண்ணுக்கு இடம் தருவதும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல என்பது இதனால் மெய்ப்பிக்கப்பட்டது. இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டுவைத்தவர் மனிதர். 2006இல் விழுந்த அந்த முடிச்சை அவிழ்க்கப் பதினேழு ஆண்டுகள் பிடித்தன. அந்தப் பதினேழு ஆண்டுகளில் ஒரு சிறுமி பிறந்து, வளர்ந்து, வாக்களிக்கும் வயதின் வாயிலுக்கே வந்துவிடுவாள்.

இளைஞர்களே! அறுபதில் இருவர் என்பது வெற்றி விழாக் கொண்டாடும் அளவன்று. நூற்றுக்கு நான்குகூட ஆகாது. எனினும் இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் பெரிது. ஓர் இனம் தன்னுரிமைக்காகப் போராடுமானால் அதன் பக்கம் நிற்போம். அந்த உரிமை அவ்வினத்தின் எல்லா மக்களுக்கும் உரியதா என்பதையும் அதே மூச்சில் கேட்போம். முதற்கேள்வியை மட்டும் கேட்பவன் பாதி வழியில் நின்றுவிடுகிறான். இரண்டாவதை மட்டும் கேட்பவன் ஆதிக்கக்காரனுக்குத் துணைபோகிறான்.

வகுப்பறையில் இவ்வரலாற்றைச் சொல்லும்போது, மாணவர் கேட்கும் முதற்கேள்வி, ஏழு வாக்கில் வெற்றியா என்பதே. ஆம், ஏழு வாக்கில்தான். அந்த ஏழுபேர் எவரென்று யாருக்கும் தெரியாது. கிழவியோ, உழவரோ, கல்லூரி மாணவரோ, அறியோம். ஊர் வழக்கம் என்ன சொல்லும் என்று அஞ்சி அவர்கள் வீட்டிலேயே இருந்திருக்கலாம். அவர்களோ எழுந்து நடந்தார்கள். நம் வீட்டுக் கூடத்தில், வழக்கம் என்ற சொல்லால் ஒரு பெண்ணின் வாய் அடைக்கப்படும்போது, எழுந்து நிற்க நமக்கு ஏழுபேர்கூட வேண்டா, ஒருவர் போதும்.