சுத்தியலைத் தேடப் போய்

போன மாதம் என் தங்கை மகன் ஒரு கருவியோடு வந்து நின்றான். நீளமான கம்பு, அதன் அடியில் தட்டு மாதிரி ஒரு வளையம், கைப்பிடிப் பக்கம் சின்னத் திரை. மெட்டல் டிடெக்டராம். ஆன்லைனில் வாங்கியிருக்கிறான். "மாமா, அம்மாயி சொல்லுவாங்களே அந்த மேட்டாங்காடு, அங்க ஒரு நடை ஓட்டிப் பாத்துட்டு வரலாமா?" என்றான்.

அவனுக்கு அம்மாயி என்றால் எனக்கு அம்மா. அவர் சொன்ன கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். அம்மாவுக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது அப்புச்சி மேட்டாங்காட்டில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். கொழு பட்டு ஒரு சின்னப் பானை உடைந்தது. உள்ளே வெள்ளிக் காசுகள். வெளியே தெரிந்தால் சர்க்கார் பிடுங்கிக்கொள்ளும் என்று பயந்து, அன்று இரவே ஆசாரி வீட்டுக்குக் கொண்டுபோய் உருக்கிவிட்டார்கள். கொஞ்சம் கடனுக்குப் போனது. மிச்சத்தில் அம்மாவுக்கு ஒரு ஜோடி தண்டை. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அந்தத் தண்டையை விற்றுத்தான் பணம் கட்டினார்கள். ஆக, அந்தப் பானையில் நானும் ஒரு பங்காளி.

காசில் என்ன இருந்தது என்று அம்மாவிடம் பலமுறை கேட்டிருக்கிறேன். "ஒரு ஆளோட தலை இருந்துச்சு, மூக்கு நல்லா நீளமா" என்பார். கோவை, கரூர்ப் பக்கம் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அதுவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இனி யாராலும் சொல்ல முடியாது.

மருமகனை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, எங்களைப் போல ஓய்வு பெற்ற ஒருவரின் கதையைச் சொன்னேன்.

இங்கிலாந்தில் சஃபோக் என்ற மாவட்டத்தில் ஹாக்ஸன் என்று ஒரு கிராமம். அங்கே பீட்டர் வாட்லிங் என்ற விவசாயி வயலில் தன் சுத்தியலைத் தொலைத்துவிட்டார். எரிக் லாஸ் என்ற நண்பரைக் கூப்பிட்டார். லாஸ் தோட்டவேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது அவருக்குப் பரிசாக வந்தது ஒரு மெட்டல் டிடெக்டர். 1992 நவம்பர் 16 அன்று அதை எடுத்துக்கொண்டு சுத்தியலைத் தேடப் போனார். கருவி சத்தம் போட்ட இடத்தில் தோண்டினால் வெள்ளிக் கரண்டி, தங்க நகை, காசுகள்!

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். கைக்கு வந்த சிலவற்றை எடுத்ததோடு நிறுத்திக்கொண்டார். நிலம் மாவட்டக் கவுன்சிலுக்குச் சொந்தம். இருவரும் கவுன்சிலுக்கும் போலீசுக்கும் தகவல் சொன்னார்கள். மறுநாளே தொல்லியல் துறையினர் வந்து, மண்ணோடு சேர்த்துக் கட்டிகட்டியாக வெட்டியெடுத்து, லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்துக்குக் கொண்டுபோனார்கள். எண்ணிப் பார்த்தபோது 569 தங்கக் காசு, 14,272 வெள்ளிக் காசு, 24 வெண்கலக் காசு. மொத்தம் 14,865. கூடவே நகைகளும் வெள்ளிச் சாமான்களும் சுமார் 200.

இடையில் மருமகன் கேட்டான், "இந்தக் கருவியை முதல்ல யார் மாமா கண்டுபிடிச்சது?" டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல்லும் இதில் கைவைத்திருக்கிறார். 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தேட பெல் ஒரு கருவி செய்துகொண்டு போனார். கண்டுபிடிக்க முடியவில்லை. மெத்தைக்குள் இருந்த இரும்புக் கம்பிச் சுருள்கள் கெடுத்துவிட்டன என்பார்கள். பிறகு இரண்டாம் உலகப் போரில் யூசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து நாட்டு அதிகாரி கண்ணிவெடியைத் தேடக் கையில் தூக்கிப் போகும் கருவி ஒன்றைச் செய்தார். 1942இல் எல் அலமெய்ன் போரில் அது பயன்பட்டது.

அடிப்படை இன்றும் அதேதான். வளையத்துக்குள் செப்புக் கம்பிச் சுருள். அதில் மின்சாரம் மாறி மாறி ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. மண்ணுக்குள் உலோகம் இருந்தால் அதிலும் மின்னோட்டம் கிளம்பி, கருவிக்குப் பதில் சமிக்ஞை வருகிறது. புதிய கருவிகள் ஒரே நேரத்தில் பல அலைவரிசைகளில் தேடுகின்றன. இரும்பா, வெள்ளியா, செம்பா என்று திரையில் எண் காட்டி உத்தேசமாகச் சொல்கின்றன. இரும்பு வேண்டாம் என்றால் அதற்குச் சத்தமே போடாமல் வைத்துக்கொள்ளலாம். மருமகன் கருவியிலும் அந்த வசதி உண்டு. "இல்லைன்னா ஆணியும் லாடமுமா தோண்டிட்டு இருக்கணும் மாமா" என்றான்.

அங்கேதான் அவனை நிறுத்தினேன். ஹாக்ஸனில் மரப்பெட்டி பெரும்பாலும் மக்கிவிட்டது. ஆனால் அதன் இரும்புக் கீலும் பூண்களும் கிடந்த இடத்திலேயே கிடந்தன. அவற்றை வைத்துத்தான் அது ஓக் மரப்பெட்டி, ஏறக்குறைய இரண்டடி நீளம், உள்ளே வெள்ளிப் பூட்டுப் போட்ட சிறிய பெட்டிகள் இருந்தன என்று தெரிந்துகொண்டார்கள். சாமான்கள் அடிபடாமல் இருக்க வைக்கோல் வைத்து அடுக்கியதுகூடத் தெரிந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடாமல், திரும்பி வந்து எடுக்கலாம் என்று நிதானமாகப் புதைத்த ஒரு குடும்பம்! லாஸ் பேராசையில் அள்ளியிருந்தால் காசு கிடைத்திருக்கும், அந்தக் குடும்பம் கிடைத்திருக்காது.

காசுகளும் பேசின. கடைசிக் காசுகள் கி.பி. 407–408ஐச் சேர்ந்தவை. ரோமாபுரி ஆட்சி பிரிட்டனை விட்டுக் கைநழுவிய காலம். வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவற்றின் ஓரம் நறுக்கப்பட்டிருந்தது. புதுக் காசு வரத்து நின்றுபோனதால், இருக்கிற காசின் விளிம்பை வெட்டி வெள்ளி சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பேரரசர் தலையில் மட்டும் கத்தரி படவில்லை. ஆட்சியே ஆட்டம் கண்ட காலத்திலும் அந்த மரியாதை மிச்சமிருந்திருக்கிறது.

நமக்கு நெருக்கமான பொருளும் ஒன்று அதில் உண்டு. ஒரு சீமாட்டியின் உருவத்தில் செய்த வெள்ளி மிளகுச் சிமிழ். அடியில் உள்ள வட்டத்தைத் திருப்பினால் ஒரு நிலையில் மிளகுத்தூள் நிரப்பலாம், இன்னொரு நிலையில் மூடிக்கொள்ளும், வேறொரு நிலையில் தூவலாம். அந்தக் காலத்தில் மிளகு போனது மலபார்க் கரையிலிருந்து, நம் பழைய சேர நாட்டிலிருந்து. முசிறித் துறையில் மிளகுக்கு ரோமானியர் பொன் கொடுத்த கதை நமக்குத் தெரியும். அந்த வியாபாரத்தின் ஒரு நுனி இங்கிலாந்து வயலில் கிடந்திருக்கிறது. இன்னொரு நுனி எங்கள் மேட்டாங்காட்டில் கிடந்து, ஆசாரி உலையில் போயிற்றோ என்னவோ.

லாஸுக்கு 17.5 லட்சம் பவுண்டு பரிசு கிடைத்தது. வாட்லிங்குக்கும் அதில் பங்கு கொடுத்தார். தொலைந்த சுத்தியலும் அகப்பட்டு, அதுவும் மியூசியத்துக்கே போய்விட்டது!

நம் நாட்டில் 1878இலிருந்தே புதையல் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள புதையல் கிடைத்தால் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கண்டெடுத்தவருக்குப் பங்கு கிடைக்கவும் அதிலேயே வழி உண்டு. இது அப்புச்சிக்குத் தெரியாது. தெரிந்தாலும் கடன்காரன் வாசலில் நிற்கும்போது என்ன செய்திருப்பார்? அவரைக் குற்றம் சொல்ல, அந்தத் தண்டையில் படித்த எனக்கு வாய் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மேட்டாங்காட்டுக்குப் போனோம். கருவி காரிலேயே இருந்தது. நிலம் இப்போது மாமன் மகன் பேரில். பானை உடைந்த இடம் எது என்று அவரிடம் கேட்டோம். அவர் அப்பா காட்டியதாகச் சொல்லி, வேம்புக்குக் கிழக்கே வரப்போரம் கை காட்டினார். மருமகன் செல்போனில் அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் குறித்துக்கொண்டான். அம்மா சொன்னதையெல்லாம் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதினேன், நீள மூக்கு உள்பட. அங்கங்கே ஓட்டாஞ்சில்லுகள் கிடந்தன. எதையும் எடுக்கவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பானைக் கதை இருக்கும். சொன்னவர்கள் உயிரோடு இருந்தால் இப்போதே கேட்டு, இடத்தையும் சேர்த்து எழுதி வையுங்கள். காசு போனாலும் அதாவது மிஞ்சட்டும்.