நோர்வேயில் தந்தைக்கென ஒதுக்கப்பட்ட நான்கு கிழமைகள்

பிள்ளை பிறந்த வீட்டில் தாயைப் போலவே தந்தையும் சம்பளத்துடன் விடுமுறை பெறுவது இன்று நோர்வேயில் வழமையாகிவிட்டது. இவ்வழமை உருவாக ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

1892ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், பிள்ளை பெற்ற பெண்கள் ஆறு கிழமைகளுக்கு ஆலைகளில் வேலை செய்வதைத் தடுத்தது. ஆனால் அக்காலத்துக்கு ஊதியம் ஏதும் வழங்கப்படவில்லை. கூலியை நம்பி வாழ்ந்த பெண்ணுக்கு அவ்வோய்வு வறுமையையே கொணர்ந்தது. 1909ஆம் ஆண்டின் நோய்க் காப்புறுதிச் சட்டமே இக்குறையை ஓரளவு நீக்கியது. இச்சட்டங்கள் யாவும் தாயை மட்டுமே கருத்திற் கொண்டவை.

1974இல் அயல்நாடான சுவீடன், பேற்று விடுமுறையைப் பெற்றோர் இருவருக்கும் பொதுவாக்கியது. 1977இல் நோர்வேச் சட்டமும் தந்தை அதிற் பங்குகொள்ள இடமளித்தது. ஆயினும் 1990களின் தொடக்கத்திலும் அவ்வுரிமையைப் பயன்படுத்திய தந்தையர் நூற்றுக்கு நால்வர் அளவினரே. பொதுவில் வைக்கப்பட்ட பங்கு, வழக்கத்தின் வலிமையால் தாயிடமே சென்று சேர்ந்தது.

பின்னாளிற் பிரதமரான யென்ஸ் ஸ்தொல்தன்பேர்க் தலைமையில் ஆண்களின் பங்கை ஆராய்ந்த குழு 1991இல் தன் அறிக்கையை அளித்தது. 1993இல் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அம்மையாரின் அரசு நான்கு கிழமைகளைத் தந்தைக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிடின், பொதுவாக அவை குடும்பத்துக்கே இல்லாமற் போகும். உலகில் இத்தகைய முதல் ஏற்பாடு இதுவே. சில ஆண்டுகளுக்குள் பத்துத் தந்தையரில் எழுவர் விடுமுறை பெறலாயினர்.

2014இல் இவ்வொதுக்கீடு 14 கிழமைகளிலிருந்து 10 ஆகக் குறைக்கப்பட்டது. தந்தையர் எடுத்த விடுமுறையும் உடனே குறைந்தது. 2018இல் அது 15 ஆக உயர்த்தப்பட்டது. பெயரளவில் வழங்கப்படும் உரிமைக்கும் ஒதுக்கி வைக்கப்படும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

எமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. ஊரிற் பிள்ளைப்பேறு என்றால் அம்மம்மா வந்து நிற்பார். சரக்குக்கறி காய்ச்சவும் பிள்ளையைக் குளிப்பாட்டவும் உற்றார் இருந்தனர். வடக்கே பின்மார்க்கின் மீன் ஆலைகளில் வேலைக்கமர்ந்த எம்மவரிற் பலருக்கு அத்துணை வாய்க்கவில்லை. அந்த வெற்றிடத்தை நிரப்பக்கூடியவர் பிள்ளையின் தந்தையே. மேலதிக வேலைக்காக அவர் தம் கிழமைகளைக் கைவிடின், அவை தாய்க்கும் சேரா, பிள்ளைக்கும் சேரா.