பசித்த மண்டையோடு

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ்ஸில் உங்களுக்கு ஜன்னலோர சீட் கிடைத்தால், செல்போனைக் கொஞ்சம் உள்ளே வைத்துவிட்டு வெளியே பாருங்கள். பாதி கட்டி நிற்கிற வீடு ஏதாவது கண்ணில் படும். அதன் முன்னால் ஒருத்தன் நிற்பான். பழைய பேன்ட், கிழிந்த சட்டை, உள்ளே வைக்கோல். தலைக்குப் பதில் மண்சட்டி. அதில் கரியும் சுண்ணாம்புமாக உருட்டும் விழிகள், முறுக்கு மீசை, வெளியே தொங்கும் நாக்கு. திருஷ்டி பொம்மை! வீடு கட்டி முடித்துக் குடிவந்த பிறகு அவன் போய்விடுவான். அவன் இடத்துக்கு, கோரைப்பல் வரைந்த பூசணிக்காய் ஒன்று வாசலில் வந்து தொங்கும்.

இந்த பயங்கரங்களை எல்லாம் செய்வது யார்? எந்தக் கம்பெனியும் இல்லை. மேஸ்திரி, சித்தாள், அல்லது அந்த வீட்டுப் பையன். நம்ம வீட்டை நாமே பயமுறுத்துகிற மாதிரி அலங்கரிக்கிறோம்!

அமெரிக்காவிலும் இதையேதான் செய்கிறார்கள். அக்டோபர் 31, ஹாலோவீன். அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து வீட்டு முன்தோட்டத்தையே சுடுகாடாக மாற்றிவிடுவார்கள். அட்டையில் கல்லறை, பழைய துணியில் பேய், புதருக்குள் ஒளித்துவைத்த ஸ்பீக்கரிலிருந்து ஓலம். வாசலில் கண்ணும் பல்லும் குடைந்து, உள்ளே விளக்கேற்றி வைத்த பூசணிக்காய். தெருப் பிள்ளைகள் பேய் வேஷம் போட்டு வந்து கதவைத் தட்டுவார்கள். மிட்டாய் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் குறும்பு செய்வோம் என்பது மிரட்டல்!

'வசதியான நாடு, பொழுதுபோகாமல் செய்கிறார்கள்' என்று தோன்றுகிறதா? அவசரப்படாதீர்கள். இந்தக் கூத்தின் வரலாற்றைத் தோண்டினால், அடியில் கிடைப்பது பேய் அல்ல... பசி!

ஹாலோவீனின் பூர்வீகம் அயர்லாந்து பக்கம். அங்கே வாழ்ந்த கெல்ட் இன மக்களுக்கு அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நாள், 'சாவின்' என்ற பண்டிகை. அன்றிரவு செத்தவர்கள் திரும்பி வருவார்கள் என்று நம்பினார்கள். பிறகு கிறிஸ்தவம் வந்தது. நவம்பர் 1 எல்லாப் புனிதர்களின் திருநாள் ஆனது. மறுநாள் இறந்த ஆன்மாக்களுக்கான நாள். இங்கிலாந்தில் அந்த நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போவார்கள். 'உங்கள் வீட்டில் இறந்தவர்களுக்காக ஜெபம் செய்கிறோம், சாப்பிட ஏதாவது கொடுங்கள்' என்பார்கள். அதற்கென்றே சுட்டு வைத்த சின்ன கேக்கைக் கொடுப்பார்கள். இன்றைக்கு அமெரிக்கப் பிள்ளைகள் வாங்கும் மிட்டாய்க்கு அந்தக் கேக்கும் ஒரு மூதாதை.

அயர்லாந்துக்காரர்கள் ஆரம்பத்தில் முகம் செதுக்கியது பூசணியில் அல்ல, டர்னிப் கிழங்கில். 1845-ல் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. அடுத்தடுத்த வருடங்களில் பட்டினியிலும் நோயிலும் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள். ஏறக்குறைய அதே அளவு பேர் கப்பலேறி ஊரைவிட்டு ஓடினார்கள். அமெரிக்காவில் இறங்கியவர்கள் கொண்டுபோன சொத்து, ஞாபகங்கள்தான். அதில் இந்தப் பண்டிகையும் ஒன்று. அங்கே பூசணி மலிவு, குடைவதும் சுலபம். கிழங்கின் இடத்தைக் காய் பிடித்துக்கொண்டது.

இங்கே ஒரு சின்ன சுவாரசியம். அவர்கள் குடையும் மஞ்சள் பூசணியின் தாயகம் அமெரிக்கக் கண்டம். ஐரோப்பியர்கள், அதாவது பறங்கியர்கள், வழியாக இங்கே வந்ததால்தான் நமக்கு அது 'பறங்கிக்காய்'. நாம் திருஷ்டிக்கு உடைக்கும் வெண்பூசணி ஆசியக்காய். பிறந்த ஊர் வேறு வேறு, இரண்டுக்கும் கிடைத்த உத்தியோகம் ஒன்றுதான்!

வீட்டையே பேய்வீடாக மாற்றும் பழக்கத்துக்கு வருவோம். அதுவும் கஷ்டகாலத்தில்தான் சூடு பிடித்தது. 1929-ல் அமெரிக்கப் பங்குச்சந்தை சரிந்தது. அதைத் தொடர்ந்த பெருமந்தத்தில் லட்சக்கணக்கானவர்களுக்கு வேலை போயிற்று. ஹாலோவீன் இரவில் விடலைப் பையன்களின் குறும்பு, எல்லை மீறிப் போனது. கார்களைக் கவிழ்த்தார்கள், விளக்குக் கம்பங்களைச் சாய்த்தார்கள். பண்டிகையையே தடை செய்யலாமா என்று சில நகரங்கள் யோசித்தன. பெற்றோர்களுக்கு ஒரு யோசனை வந்தது. பையன்களைத் தெருவில் விடாமல், வீட்டுக்குள்ளேயே பயமுறுத்தினால் என்ன? வீட்டின் நிலவறையை இருட்டாக்கினார்கள். முகத்தில் உரச ஈர ஸ்பாஞ்சுகளைத் தொங்கவிட்டார்கள். கை வைக்கிற சுவரில் பச்சை ஈரல் துண்டுகளை ஒட்டினார்கள். மூலையில் பெரியப்பாவோ மாமாவோ நின்று ஊளையிட்டார்கள். காசு இல்லாத காலத்தில், அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கையால் செய்த பயம்! டிஸ்னிலேண்டின் பிரம்மாண்டமான பேய் மாளிகை திறக்கப்பட்டது பிற்பாடு, 1969-ல்.

சரி, நம்ம ஊருக்குத் திரும்புவோம். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, அங்கிருந்து வளத்தி வழியாகப் போனால் மேல்மலையனூர். விழுப்புரம் மாவட்டத்தின் வடமேற்கு ஓரம். அங்கே இருப்பவள் அங்காளம்மன். செம்படவர் என்கிற பருவதராஜ குலத்துக் குடும்பங்கள் பரம்பரையாகப் பூஜை செய்யும் கோயில் அது. அமாவாசை இரவுகளில் ஊஞ்சல் உற்சவம் பார்க்கப் பல மாவட்டங்களிலிருந்து கூட்டம் குவியும். அதைவிடப் பெரிய கூட்டம், மாசி மாதத் திருவிழாவுக்கு. மகா சிவராத்திரிக்கு மறுநாள் அங்கே நடப்பதுதான் 'மயானக் கொள்ளை'.

பேரைக் கேட்டாலே திக்கென்கிறது, இல்லையா? கதையைக் கேளுங்கள்.

பிரம்மாவுக்கு முதலில் ஐந்து தலை. சிவனுக்கும் ஐந்து முகம். தூரத்தில் வந்த பிரம்மாவைத் தன் கணவர் என்று நினைத்துப் பார்வதி வணங்கிவிட்டாள். பிரம்மா கர்வப்பட, சிவன் அவருடைய ஒரு தலையைக் கொய்துவிட்டார். கொய்த தலை சும்மா விடுமா? கையிலேயே ஒட்டிக்கொண்டது! அந்தக் கபாலத்தோடு சிவன் பிச்சையெடுத்து அலைகிறார். பிச்சை விழுந்தால், அவர் சாப்பிடுவதற்குள் கபாலம் தின்றுவிடுகிறது. உலகத்துக்கே படியளப்பவர், பட்டினி! தஞ்சைக்கு அருகே திருக்கண்டியூர்தான் அந்தத் தலை கொய்யப்பட்ட தலம் என்பார்கள். நம் கோயில்களில் பிட்சாடனர் சிலையைப் பார்த்திருப்பீர்களே, அது இந்த அலைச்சலின் சிலைதான்.

பார்வதிக்கும் சாபம். மலையனூருக்கு வந்து புற்றில் குடியிருக்கிறாள். சிவன் மயானத்துக்கு வந்து சேருகிறார். அவள் சமைத்துக் கபாலத்தில் போடுகிறாள். அது விழுங்குகிறது. மறுபடி போடுகிறாள், விழுங்குகிறது. அடுத்த கவளத்தைக் கபாலத்தில் போடாமல் வேண்டுமென்றே தரையில் இறைக்கிறாள். ருசி கண்ட கபாலம் சிவன் கையைவிட்டு இறங்கி, சிதறிய சோற்றைப் பொறுக்க ஓடுகிறது. அந்தக் கணம், அங்காளியாக விசுவரூபம் எடுத்து அதைக் காலால் மிதித்து அடக்கிவிடுகிறாள்.

கவனித்தீர்களா? பேயை ஓட்ட மந்திரமோ, வேப்பிலையோ இல்லை. முதல் வேலை, சாப்பாடு. மிதித்தது அப்புறம்தான்!

மயானக் கொள்ளை அன்று இந்தக் கதை அப்படியே நடக்கிறது. மேல்மலையனூரில் மட்டுமல்ல, இந்தப் பக்கத்து ஊர்களின் அங்காளம்மன் கோயில்கள் பலவற்றிலும். வேஷம் கட்டுவது வீட்டில் ஆரம்பிக்கும். முகத்தில் நீலமும் சிவப்பும் பூச ஒருத்தர், சவுரிமுடி கட்ட ஒருத்தர், அட்டையில் வெட்டிய கைகளை முதுகில் பொருத்த ஒருத்தர். எலுமிச்சை மாலை. தொங்கும் நாக்கு. நேற்றுவரை லோடு ஆட்டோ ஓட்டியவர், இன்று காளி! பெற்ற மகளே பார்த்து அழும். பம்பை அடி விழுந்ததும் ஊர்வலம் மயானத்தை நோக்கிப் புறப்படும். பல ஊர்களில் அங்கே மண்ணாலோ சாம்பலாலோ ஒரு பெரிய உருவத்தைப் படுக்க வைத்திருப்பார்கள். திரௌபதி அம்மன் கோயில் படுகளத்தில் மண்ணால் செய்த துரியோதனனை அண்ணாந்து படுத்தபடி பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதுபோல. எல்லாம் ஊர்க்காரர்கள் கைவேலை.

பிறகு சூறை. நேர்ந்துகொண்டவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த நெல், கம்பு, காய்கறி, பழம், கொழுக்கட்டை, சுண்டல், சில்லறை எல்லாவற்றையும் கூட்டத்தின் மீது வாரி இறைப்பார்கள். கூட்டம் பாய்ந்து பொறுக்கும். அதுதான் கொள்ளை! கிடைத்த தானியத்தைப் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

வேஷக்காரர்களில் சிலர் உயிருள்ள கோழியை வாயில் கவ்வுவதுண்டு. இது கூடாது என்கிற குரலும் வெகுகாலமாக இருக்கிறது. கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1950-லேயே சட்டம் வந்தது. தூங்கிக்கொண்டிருந்த அந்தச் சட்டத்தை 2003-ல் அரசு தட்டியெழுப்பியது. கிராமக் கோயில்காரர்கள் கொந்தளிக்க, 2004-ல் சட்டமே கைவிடப்பட்டது. இந்த வாதத்தில் நீங்கள் எந்தப் பக்கமும் நிற்கலாம். ஆனால், மயானக் கொள்ளை என்றால் கோழி மட்டும்தான் என்று நினைத்துவிட்டால், நடுவில் இருக்கிற சோறு கண்ணில் படாமல் போய்விடும்.

இன்னொன்றும் கண்ணில் பட வேண்டும். நம் வழக்கத்தில் பெரும்பாலான குடும்பங்களில், பெற்ற தகப்பன் செத்தாலும் பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். சுடுகாட்டுக்குப் போகக் கூடாது. அன்றாடம் அங்கே வேலை செய்கிறவர்களையோ ஊர் தள்ளிவைத்திருந்தது. அப்படிப்பட்ட மயானத்துக்கு அன்று மட்டும் பெண்கள் போகிறார்கள், கைக்குழந்தையோடு போகிறார்கள். சுண்டல் பொறுக்குகிறார்கள். வருடம் முழுக்கப் பயந்த இடம், ஒரு நாள் நம்ம இடமாகிவிடுகிறது.

பேய் என்றால் பசி என்கிற இந்தக் கணக்கு, தமிழுக்குப் பழைய கணக்கு. காரைக்கால் அம்மையார் தன் அழகை உதறிப் பேய் உருவம் கேட்டு வாங்கிக்கொண்டு, திருவாலங்காட்டுச் சுடுகாட்டில் இறைவன் ஆட்டத்தைக் கண்டவர். அவர் சிலையைப் பாருங்கள், ஒட்டிய வயிறு, எண்ணக்கூடிய விலா எலும்பு. 12-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் குலோத்துங்கனின் தளபதி கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றான். அதைப் பாட வந்த ஜெயங்கொண்டார், 'கலிங்கத்துப் பரணி'யில் ராஜாவுக்குச் சமமாகப் பேய்களுக்கும் இடம் கொடுத்தார். பசி தாங்காமல் காளியிடம் போய் அழுகிற பேய்கள். போர் முடிந்ததும் களத்திலேயே கூழ் சமைக்கின்றன. சமைப்பதற்கு முன்னால் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன! பந்தியில் கண் தெரியாத பேய், பேச வராத பேய் எல்லாவற்றுக்கும் பார்த்துப் பரிமாறுகிறார்கள். பயமும் சிரிப்பும் ஒரே இலையில்.

இந்த மண்ணுக்குப் பசி வெறும் கதையும் அல்ல. 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை உலுக்கியது. இந்தியாவில் அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கும் மேல் என்று கணக்கிடுகிறார்கள். அன்று ஆளுநராக இருந்தவர் பக்கிங்ஹாம் கோமகன். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம் வரை வரும் கால்வாய்க்கு அவர் பெயர்தான். அதில் சென்னை நகருக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி, 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமான மனிதர்கள் மண் சுமந்தார்கள், ஒருவேளைச் சோற்றுக்கு. ஜெயங்கொண்டார் கற்பனையில் கண்ட பேய்களை, அந்தக் காலத்து போட்டோக்களில் மனிதர்களாகவே பார்க்கலாம்.

அயர்லாந்திலும் பஞ்சம், இங்கேயும் பஞ்சம். அங்கே பேய் வேஷத்தில் வந்த பிள்ளைக்கு மிட்டாய், இங்கே கபாலத்துக்குச் சோறு. யாரையும் பார்த்து யாரும் காப்பியடிக்கவில்லை. செத்தவன் திரும்பி வந்தால் என்ன கேட்பான் என்று இரண்டு ஊர்க்காரர்களும் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் தோன்றிய பதில் ஒன்றுதான்: சாப்பிட ஏதாவது கேட்பான்.

இப்போது சென்னை அபார்ட்மென்ட்களிலும் ஹாலோவீன் வந்துவிட்டது. பிளாஸ்டிக் எலும்புக்கூடும் ரெடிமேட் முகமூடியும் கடையில் கிடைக்கின்றன. வரட்டுமே, பிள்ளைகள் சந்தோஷப்பட்டால் நல்லதுதான். ஆனால், வீட்டில் ஒரு மண்சட்டியைக் கொடுத்து, 'நீயே ஒரு பூதம் வரை' என்று சொல்லிப் பாருங்கள். தான் வரைந்த பூதத்துக்குப் பிள்ளை பயப்படாது. கபாலம் கதையையும் சொல்லிவையுங்கள்.

ஆயுதபூஜை அன்று வெண்பூசணிக்குள் குங்குமமும் காசும் போட்டு நடுரோட்டில் உடைக்கிறோம். பைக்கில் வருகிறவர் வழுக்கி விழாமல், தயவுசெய்து ஓரமாக உடையுங்கள். உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட வேண்டும் என்பது சாஸ்திரம். ஒரே ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். சிதறிய காசைப் பொறுக்க ஒரு சின்னப் பையன் ஓடி வருவான். அவனைக் கூப்பிட்டு, பொரியும் கடலையும் கை நிறையக் கொடுத்து அனுப்புங்கள்.